கூண்டு வண்டியும் பேட்டையும்: கரிசல் காட்டின் நடமாடும் வீடுகள்

கேரவன் என்றால் நம்மூரில் சினிமாதான் ஞாபகம் வரும். ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வேறொரு கூட்டம் இருக்கிறது. ஐம்பது அறுபது வருடத்துப் பழைய வண்டியைத் தேடிப் பிடித்து, துரு சுரண்டி, உள்ளே அடுப்பும் படுக்கையும் பழையபடி பொருத்தி, வருடத்துக்கு ஒருமுறை ஒரு புல்வெளியில் கூடுகிறவர்கள். அவரவர் வண்டிக்கு முன்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எங்கப்பா இதை வாங்கின வருஷம்" என்று ஆரம்பித்தால் பேச்சு முடியாது. 1950இல் வந்த ஃபோக்ஸ்வேகன் வேனுக்கு, அடுத்த வருடமே வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் கம்பெனி படுக்கை, அலமாரி எல்லாம் செய்து கொடுத்தது. பிரேசிலில் அந்த வேனின் உற்பத்தி 2013 கடைசியில்தான் நின்றது. அந்த வண்டிக்காக உருகும் ஆட்கள் உலகம் முழுக்க உண்டு.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் அறுபது வயதைத் தாண்டிய ஆட்களிடம் கூண்டு வண்டியைப் பற்றிக் கேட்டால் இதே முகம், இதே பேச்சு. இதே "எங்கப்பா" கூட. அப்படியென்றால் இதுவும் அதுவும் ஒன்றா? பாதி ஒன்று என்றுதான் இப்போது நினைக்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். கேரவன் என்பதே மாட்டு வண்டிக்குத் தூரத்துச் சொந்தம்தான். பொழுதுபோக்குக்காகச் செய்யப்பட்ட முதல் கேரவன் என்று இங்கிலாந்துக்காரர்கள் கொண்டாடும் 'வாண்டரர்' 1885இல் வந்தது. செய்யச் சொன்னவர் கார்டன் ஸ்டேபிள்ஸ், கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற எழுத்தாளர். பிரிஸ்டலில் ஒரு வண்டிப் பட்டறையில் செய்த அந்த மர வண்டியை இழுத்தது இரண்டு குதிரை. ஒரு வண்டிக்காரன், ஒரு வேலைக்காரன், ஒரு நாய், ஒரு கிளி. வேலைக்காரன் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், பெரிய வண்டி வருகிறது என்று குறுகலான பாதைகளில் சொல்லி வைக்க வேண்டும். 1907இல் அங்கே கேரவன் சங்கமே தொடங்கிவிட்டார்கள். ஸ்டேபிள்ஸுக்கு அது புதுமை. அதே 1885இல் எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் அரிசி பருப்பு, சட்டி பானை, கிடாக்குட்டி சகிதம் வண்டியிலேயே மூணு ராத்திரி கிடந்து சாமி கும்பிட்டுவிட்டு வருவது செய்தியே இல்லை.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார வண்டி, கட்டை வண்டி என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பருத்தி மூட்டை ஏற்ற, குப்பை அடிக்க. அதே வண்டியின் மேல் மூங்கிலை வளைத்துப் பாய் போர்த்தினால் கூண்டு வண்டி. இருசுக்கு மேல் வில் வைத்தால் வில்வண்டி, அது வசதிக்காரர் சங்கதி. சக்கரத்துக்கு நாட்டுக் கருவேல் வேண்டும். நடுவில் குடம், குடத்தில் இறங்கும் ஆரக்கால்கள், ஆரக்கால்களைச் சுற்றிப் பிடிக்கும் வட்டைகள், வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டா. பட்டாவை வரட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சி, விரிந்திருக்கும்போதே சக்கரத்தில் மாட்டி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். ஆணியே இல்லாமல் மொத்தச் சக்கரமும் அந்தப் பிடியில்தான் நிற்கிறது. ஆசாரி மரத்தை அறுத்துக் காயப்போட்ட காலமும், கொல்லர் பட்டாவை அளந்த அளவும் சரியாக இருந்தால் ஒரு சக்கரம் ஒரு தலைமுறைக்கு ஓடும்.

வண்டிக்கு அடியில் இருப்பவைதான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. இருசுக்குப் போடும் மை, அதாவது வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்தது, ஒரு மூங்கில் குழாயில் தொங்கும். பக்கத்தில் லாந்தர். கயிற்றுத் தொட்டில் மாதிரி ஒரு சாக்கு, அதில் மாட்டுக்கு வைக்கோலும் பருத்திக்கொட்டையும். இறக்கி நிறுத்தும்போது ஏர்க்காலைத் தாங்க ஒரு கவட்டைக் கம்பு. வண்டிக்குள்ளே வைக்கோல் பரப்பி அதன் மேல் ஜமுக்காளம். வெஸ்ட்ஃபாலியாக்காரன் ஒட்டுப்பலகையில் செய்ததை இவர்கள் வைக்கோலில் செய்தார்கள் என்று சொல்லலாம், ஆனால் அந்த ஒப்பீட்டை ரொம்ப இழுக்கக் கூடாது.

பயணம் ராத்திரியில்தான். கரிசல் காட்டு வெயிலில் மத்தியானம் மாட்டை ஓட்டினால் மாடு படுத்துவிடும். 1965இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் மாட்டை வேலை வாங்கக் கூடாது, 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. வண்டிக்காரர்களுக்குச் சட்டம் வேண்டியிருக்கவில்லை. பொழுது சாயப் பூட்டி, விடிய அவிழ்த்து, பகலில் ஊருணிக்கரைப் புளியமரத்தடியில் கிடப்பார்கள். மணிக்கு மூணு, நாலு கிலோமீட்டர். வண்டிக்காரர் தூங்கினாலும் மாடு முன் வண்டியைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கும். தூங்குகிற ஆளின் மாட்டை யாரோ சும்மா திருப்பிவிட, விடிந்து பார்த்தால் சொந்த ஊர் எல்லையில் நின்ற கதையை ஊருக்கு ஒருவர் தன் சித்தப்பாவுக்கு நடந்ததாகச் சொல்வார். எத்தனை சித்தப்பாக்கள்!

ராத்திரிப் பயணம் என்றால் களவு பயமும் உண்டு. ரமணரின் அப்பா சுந்தரமய்யர் திருச்சுழியில் வக்கீலாக இருந்தவர், 1892இல் இறந்தார். அந்தப் பக்கத்து வழிப்பறிக்காரர்கள்கூட அவரைத் தொந்தரவு செய்வதில்லை என்று ரமணரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தி வரும். அவருடைய நல்ல பெயருக்குச் சாட்சியாக அதைச் சொல்வார்கள். எனக்கு அது மற்றவர்களைப் பற்றிய செய்தியாகப் படுகிறது. ஒரு மனிதரை வழிமறிக்காமல் விட்டார்கள் என்பது எழுதிவைக்கும் அளவுக்குப் பெரிய விஷயம் என்றால், மற்ற வண்டிகளின் கதி என்ன?

அந்தப் பயத்திலிருந்து பிறந்ததுதான் பேட்டை. இந்தச் சொல்லை நாம் இப்போது பஸ் ஸ்டாப் பெயராகவே அறிவோம். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார்களைப் பற்றி 1969இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விளக்கியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து கருப்பட்டி, கருவாடு, பருத்தி என்று சரக்கோடு வடக்கே வந்த நாடார் வியாபாரிகள், வழியில் சரக்கையும் மாட்டையும் காப்பாற்றச் சுற்றுச்சுவர் வைத்த இடங்களைக் கட்டினார்கள். வண்டியை உள்ளே விட்டு, கதவடைத்து, தங்கலாம், சமைக்கலாம், அங்கேயே வியாபாரமும் பண்ணலாம். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, அதை ஒட்டிய பாளையம்பட்டி. இராமநாதபுரத்து ஆறு ஊர்கள் என்று அவர் சொல்கிற வரிசையில் இரண்டு எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. பேட்டையில் தங்கும் வியாபாரி சரக்குக்கு இவ்வளவு என்று பொதுவில் கொடுத்த பணம்தான் மகமை. கிணறு, சத்திரம் என்று தொடங்கிய மகமைப் பணத்தில் பிற்பாடு பள்ளிக்கூடங்கள் எழும்பின. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலா அப்படி வந்ததுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வண்டிகள் வட்டமாக நிற்கிற இடம், பொதுக் கிணறு, பொதுச் செலவுக்குப் பணம். அமெரிக்காவில் ஏர்ஸ்ட்ரீம் என்ற அலுமினிய வண்டியைச் செய்த வாலி பயம், தன் வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு 1959இல் கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரைக்கும் போனார். ராத்திரி முகாமில் அவர்கள் வண்டிகளைச் சக்கரத்தின் ஆரம் மாதிரி வட்டம் வட்டமாக நிறுத்துவார்கள், பழைய குதிரை வண்டிப் பயணிகளின் ஞாபகத்துக்காக. அவர்களுக்கு அந்த வட்டம் ஞாபகம். அருப்புக்கோட்டை வியாபாரிக்கு அது உயிர்ப் பிரச்சினை. பேட்டையைப் பற்றி நெகிழ்ந்து பேசுகிற யாரையும் நான் பார்த்ததில்லை, பயத்தில் கட்டினது என்பதால் இருக்கலாம்.

வியாபார வண்டிக்கு ஒரு பொற்காலமும் இருந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர், அங்கிருந்து லங்காஷயர் ஆலைகளுக்குப் போகும் பருத்தி நின்றது. இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. எங்கள் கரிசல் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வண்டி வண்டியாகப் போனது. 1876இல் தூத்துக்குடி மதுரை ரயில் பாதை வந்ததும் நெடுந்தூர வண்டிக்கு வேலை குறைந்தது. ஆனால் அந்த ரயில் விருதுநகர், சாத்தூர் வழியாகப் போனது. அருப்புக்கோட்டைக்கு ரயில் வர 1960கள் ஆகிவிட்டன. அதனால் எங்கள் பக்கம் வண்டிக்கு இன்னும் எண்பது தொண்ணூறு வருட ஆயுள் கிடைத்தது. இந்த வறண்ட ஊர்களில் வண்டி ஞாபகம் இவ்வளவு பச்சையாக இருப்பதற்கு ரயில் வராததும் ஒரு காரணம்.

ஆனால் கிழவர்கள் உருகுவது பருத்தி வண்டிக்காக இல்லை, சாமி கும்பிடப் போன வண்டிக்காக. பக்கத்தில் என்றால் இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் மாரியம்மன். ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஆற்று மணல் முழுக்க வண்டி. தூரத்தில் என்றால் அழகர்கோயில். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஐம்பது கிலோமீட்டர், அங்கிருந்து இன்னும் இருபது. காரியாபட்டி, வலையங்குளம், அவனியாபுரம் வழியாகப் போனால் இரண்டு ராத்திரி. திருச்சுழி, கமுதிப் பக்கமிருந்து வந்தால் மூணு. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஒரு தடவை, ஆடியில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்குக் கிடா வெட்ட ஒரு தடவை. நூபுர கங்கையில் குளித்து, மலையடிவாரத்தில் வண்டியை அவிழ்த்துப் போட்டு, சமைத்துச் சாப்பிட்டு, உறவுக்காரர் வண்டியைத் தேடிப் போய்ப் பேசி, பெண் பார்த்து, மாட்டுக்கு விலை பேசி...

தொ. பரமசிவன் 'அழகர் கோயில்' என்று 1989இல் வெளிவந்த தன் ஆய்வில், இந்தத் திருவிழாவை நாட்டுப்புறத்து மக்களின் விழாவாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். கோயிலின் ஆகமத்தை மட்டும் பார்க்காதே, வந்து நிற்கிற சனத்தைப் பார் என்பது போல. மதுரையில் மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்று சொல்வார்கள். மாசியில் அறுவடை, தேர் இழுக்க ஆள் வராது என்பதும் ஒரு காரணமாம். இதை நான் மாட்டின் பக்கமிருந்து பார்க்கிறேன். மானாவாரிக் கரிசலில் விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில். பங்குனி, சித்திரையோடு பருத்தி எடுப்பு ஓயும். ஆடியில் அடுத்த மழைக்குக் காத்திருப்பு. சித்திரையும் ஆடியும்தான் மாட்டுக்கு லீவு. லீவு விட்ட மாட்டைப் பூட்டித்தான் குடும்பம் லீவுக்குப் போனது. மாட்டுக்கு எங்கே லீவு என்று கேட்காதீர்கள்.

இனி அந்த மீதிப் பாதி.

எங்கள் பெரியப்பா வீட்டுத் தொழுவத்தில் ஒரு கூண்டு வண்டி கிடக்கிறது. தாத்தா காலத்து வண்டி, கடைசியாக அழகர்கோயிலுக்குப் போனது எழுபதுகளின் நடுவில். மாடு இல்லை, கூண்டுப் பாய் எப்பவோ போய்விட்டது, சக்கரம் மட்டும் இருக்கிறது. சில வருடத்துக்கு முன்னால் மதுரையிலிருந்து ஒருத்தர் வந்து சக்கரத்தை மட்டும் கேட்டார். ஹோட்டல் வாசலில் சாத்தி வைக்க. பெரியப்பா கொதித்துப் போனார். "எங்கப்பா தூக்கிவச்ச இருசுடா இது, போஸ் குடுக்கவா தாரது?" என்றார். எங்களுக்கெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா மட்டும், "குடுத்துருடா, கரையான் திங்கிறதுக்கு அவனாச்சும் காசு தாரான்" என்றாள்.

பிறகு ஒருநாள் அப்பத்தாவிடம் தனியாகக் கேட்டேன். அழகர்கோயில் பயணம் எப்படி இருக்கும், ஆசையாக இருக்குமா என்று. அவள் சொன்னது ஏறக்குறைய இது: "உங்க தாத்தாவுக்கு ஆசையா இருக்கும். போறதுக்கு நாலு நாளைக்கு முன்ன இடிக்க ஆரம்பிச்சா கம்பு, சோளம், மொளகாப்பொடின்னு கை விட்டுப்போகும். வண்டிக்குள்ள கெழவன் கெழவி, பிள்ளைக, சாமான். எனக்கு எங்க எடம்? மேட்டுல மாடு இழுக்காதுன்னு எறங்கச் சொல்லுவாக. எறங்குனவ எறங்குனவதான். காரியாபட்டி வரைக்கும் நடந்திருக்கேன், இடுப்புல உங்க அத்தை. போன எடத்துலயும் கல்லக் கூட்டி ஒலை வைக்கணும். வீட்டுலன்னா அடுப்பாச்சும் ஒரே எடத்துல இருக்கும்."

இதைக் கேட்ட பிறகு பழைய வண்டிப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் பேசுகிற ஆள் வண்டிக்குள் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று பார்க்கப் பழகிவிட்டேன். பெரும்பாலும் அன்றைக்கு அவர் ஏழெட்டு வயதுப் பையன். வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, நட்சத்திரம் பார்த்துக்கொண்டு போனவர். அந்த இடத்திலிருந்து பார்த்தால் அது சொர்க்கம்தான், பொய் இல்லை.

வண்டியில் ஏறவே முடியாதவர்களும் இருந்தார்கள். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அப்போது அந்த மாவட்டம்தான், 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். அடுத்த வருடம் அது பதினொன்று ஆனது. ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய நூலில் இரண்டு பட்டியலும் இருக்கின்றன. நகை போடக் கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. இரண்டாவது பட்டியலில் ஒன்று: கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை கூடாது, வீட்டுக் கதவைப் பல்லக்காக வைத்துக்கொள்ளலாம், எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனமும் பயன்படுத்தக் கூடாது. எந்தக் காரியத்துக்கும். எல்லாத் தாலுகாவிலும் இதே பட்டியல் ஓடியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வண்டியில் உட்கார்ந்து தெருவில் போவதென்பது இந்த மண்ணில் என்ன பொருள் தந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 1895இல் கழுகுமலைக் கலவரம் வெடித்ததும் ஒரு தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்ற சண்டையில்தான். பூமணியின் 'அஞ்ஞாடி' நாவலைப் படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

இங்கிலாந்துக் கேரவன்காரர்களுக்கும் இப்படி ஒரு கணக்கு பாக்கி உண்டு. ஸ்டேபிள்ஸ் போன்ற கனவான்களுக்கு வண்டி வாழ்க்கை சாகசம். தலைமுறை தலைமுறையாக வண்டியிலேயே வாழ்ந்த ஜிப்சிகளை அதே ஊர்க்காரர்கள் எல்லையிலேயே விரட்டினார்கள். வீடு இருக்கிறவன் வண்டியில் படுத்தால்தான் ரசனை.

வண்டி எப்படிப் போனது என்பதில் பெரிய மர்மம் இல்லை. பஸ் வந்தது, லாரி வந்தது, பிறகு டிராக்டர். நடுவில் மரச் சக்கரத்துக்குப் பதில் டயர் வண்டி வந்து கொஞ்சம் தாக்குப்பிடித்தது. பெங்களூர் ஐஐஎம்மின் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி எழுபதுகளில், நாட்டில் ஒன்றரைக் கோடி மாட்டு வண்டி இருக்கிறது, இதை மேம்படுத்துங்கள், பாதி இழுவை வீணாகிறது, மாட்டின் கழுத்து புண்ணாகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ராக்கெட் விடுகிற நாட்டில் மாட்டு வண்டி ஆராய்ச்சியா என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கென்னவோ அவர்தான் வண்டியை நிஜமாக நேசித்தவர் என்று தோன்றுகிறது. கூண்டு, மணி, நட்சத்திரம் என்று எதுவும் பேசாமல், நுகத்தடி கழுத்தில் எங்கே அழுத்துகிறது என்று பார்த்தவர்.

எங்கள் பக்கம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நாட்டுக் கருவேல் நின்ற கண்மாயெல்லாம் சீமைக் கருவேல் ஆனது. கோணல் மாணலாக வளரும் அந்த மரத்தில் ஆரக்கால் இழைக்க முடியாது. கரிமூட்டம் போடலாம். மரமும் இல்லை, மாடும் இல்லை என்றானபின் ஆசாரி என்ன செய்வார்? எனக்குத் தெரிந்த வண்டி ஆசாரி குடும்பத்தில் அடுத்த தலைமுறை மாடுலர் கிச்சன் செய்கிறது. நன்றாகவே சம்பாதிக்கிறார்கள்.

மிச்சமிருக்கும் மாடு பந்தயத்துக்கு. பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, கோயில் கொடைக்குக் கமுதி, திருச்சுழி ரோட்டில் ஓடும் பந்தயங்களுக்கு வருகிற கூட்டம்தான் இன்று பழைய வண்டிக் கூட்டத்துக்குக் கிட்டத்தில் இருப்பது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியது. 2017இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது, 2023இல் அதே நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றது. பந்தய வண்டியில் ஒரு குடும்பம் உட்கார முடியாது. சாரதி நிற்கவே இடம் பத்தாது. கேரளாவில் 2021இல் அரசே கேரவன் சுற்றுலாவை அறிவித்துவிட்டது. நம் பக்கமும் பணக்காரர்கள் ஒருநாள் கரிசல் காட்டில் கேரவன் நிறுத்திக் கம்பங்கூழ் குடிப்பார்கள்.

ஆனாலும் கூண்டு வண்டி முழுசாகச் சாகவில்லை. கமுதிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆடியில் அழகர்கோயிலுக்கு வண்டி கட்டிப் போகிற செய்தி இன்னும் பேப்பரில் வருகிறது. கூண்டுக்குத் தார்ப்பாய், லாந்தருக்குப் பதில் பேட்டரி லைட், கூடவே தண்ணீர் கேனும் சாமானும் ஏற்றிய குட்டி யானை. தூத்துக்குடி மதுரை நான்கு வழிச்சாலையில் எலியார்பத்தி டோல்கேட்டில் மாட்டு வண்டிக்குக் கட்டணம் கிடையாது. பெரியப்பா மகன் ஒருத்தன் அந்த வரிசையில் சேர ஆசைப்படுகிறான். மாடு வாடகைக்குக் கிடைக்குமாம், பட்டா கட்ட ஆள் தேடிக்கொண்டிருக்கிறான். அப்பத்தாவிடம் வருகிறாயா என்று கேட்டதற்கு, "வாரேன், ஆனா நான் எறங்க மாட்டேன். மேடு வந்தா ஆம்பளைக எறங்கித் தள்ளுங்க. சோத்துக்கு ஹோட்டல்ல சொல்லிருங்க" என்று சொல்லியிருக்கிறாள்.